குணசீலனின் குடிகார நிழல்

குணசீலன் அன்றைக்கும் செத்துப்போனார்.

செத்தவருக்காக யாரும் அழவில்லை. அசல் குணசீலன் அந்த நேரம் ஆராய்ச்சி மையத்தின் கேன்டீனில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து, இரண்டாவது இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் ஊறவைத்துக்கொண்டிருந்தார். செத்தது அவருடைய நிழல்.

இந்த நிழல் சமாச்சாரம் பிடிபடவே அவர் மனைவி சுகந்திக்குப் பல வாரம் ஆயிற்று. நோயாளியின் ரத்தம், மரபணு, ஸ்கேன், சாப்பாடு, தூக்கம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் கணினிக்குள் கொட்டி, உள்ளே அவரைப் போலவே இன்னொருவரை உண்டாக்கிவிடுகிறார்கள். புது மருந்தை முதலில் அந்த உள்ளே இருக்கிற ஆளுக்குப் போடுகிறார்கள். வெளியே ஒரு மணி நேரம் போவதற்குள் உள்ளே பத்து வருஷம் ஓடிவிடும். பத்து வருஷமும் அவர் பிழைத்துக் கிடந்தால்தான் வெளியே இருப்பவருக்கு ஊசி. செத்தால் கிடையாது.

"இந்தத் தடவையும் கல்லீரல்தாம்மா" என்றார் டாக்டர் ரெஹானா. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சுகந்தியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "ஊசி உள்ளே போனதும் வீங்கிடுது. ஏற்கெனவே கெட்டுப்போன கல்லீரல் இல்லையா. காரணம் உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் சுகந்தி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நோய் என்னவோ பரம்பரை நோய்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. முதல் நாள் டாக்டர் ரெஹானா பொறுமையாக விளக்கினார்: "நுரையீரலைக் காக்கறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு. அதைச் செய்யறது கல்லீரல். செஞ்சு ரத்தத்துல அனுப்பிவிடணும். உங்களுக்கு அந்தப் புரதம் தப்பா மடிஞ்சு, செய்யற இடத்துலயே சிக்கிக்குது. அதனால கல்லீரலுக்கும் கேடு, காவல் இல்லாத நுரையீரலுக்கும் கேடு."

குணசீலன் மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தார். "அப்ப லோடு டிப்போவுலயே நிக்குது. வீட்டுக்குப் போய்ச் சேரல. அதானுங்களே?"

"அதேதான்" என்று சிரித்தார் டாக்டர். "இந்த ஊசி கல்லீரலுக்குள்ள போய், தப்பா எழுதியிருக்கற மரபணுவைத் திருத்திடும். போன நுரையீரல் போனதுதான். இருக்கறதைக் காப்பாத்தலாம்."

குணசீலனின் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமும் ஆளுக்கொன்றாக இருந்த பழுதான மரபணு இரண்டும் அவரிடம் வந்து சேர்ந்திருந்தன. ஓசூரில் வேலை பார்க்கும் மகள் நித்திலாவுக்கு ஒன்றுதான் போயிருந்தது. அவளுக்குப் பயமில்லை என்றார்கள். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது சுகந்தி நிம்மதியாகத்தான் திரும்பினாள்.

நிம்மதி கெட்டது நிழல் தயாரான பிறகு. திரையில் குணசீலனைப் பற்றிய விவரங்கள் வரிசையாக வந்தன. புகை: இல்லை. உணவு: இருவேளை வெளியில். அடுத்த வரி: மது, தினமும், மிக அதிகம்.

சுகந்தியின் அப்பா குடித்தே செத்தவர். அவள் கல்யாணத்துக்குப் போட்டது ஒரே நிபந்தனை. மாப்பிள்ளை கறுப்போ சிவப்போ, லாரி ஓட்டுகிறவரோ ரயில் ஓட்டுகிறவரோ, குடிக்கக் கூடாது. குணசீலன் டேங்கர் லாரி ஓட்டுகிறவர் என்றதும் அவளுடைய அண்ணன் தணிகாசலம் முகம் சுளித்தார். "லாரிக்காரன் குடிக்க மாட்டானா? யார் காதுல பூ சுத்தற?" என்றார். அவள் கேட்கவில்லை. பத்தடி தள்ளி வருகிறவன் எந்தக் கடையில் நின்றுவிட்டு வருகிறான் என்று சொல்லிவிடும் மூக்கு அவளுடையது. அப்பா புண்ணியத்தில் வந்த மூக்கு. அந்த மூக்கு கல்யாணமான நாளிலிருந்து குணசீலனிடம் டீசலையும் வியர்வையையும் தவிர வேறெதையும் கண்டதில்லை.

இருந்தும் திரையில் அந்த வரியைப் பார்த்ததும் மூக்கை நம்புவதை விட்டுவிட்டாள். கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய கணினி பொய் சொல்லுமா என்ன? வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "சத்தியமா இல்ல சுகந்தி" என்றார் அவர். குடிக்கிறவன் செய்யும் சத்தியம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவர் குளிக்கப் போனதும் சட்டையை முகர்ந்தாள். லாரியின் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினாள். ஊறுகாய்ப் பாக்கெட் ஒன்று கிடைத்தது.

"இது எதுக்கு?"

"தயிர் சாதத்துக்கு" என்றார் குணசீலன். உலகத்தில் ஊறுகாய் வைத்திருந்த ஆண்பிள்ளை யாரும் இதைவிட மோசமான பதிலைச் சொல்லியிருக்க முடியாது. அன்றிலிருந்து அவள் சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். தணிகாசலம் வந்து உட்கார்ந்து, "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்று காபி குடித்துவிட்டுப் போனார்.

மையத்தின் விதி ஒன்று இருந்தது. குடியை மறைப்பவருக்குச் சிகிச்சை கிடையாது. ஒத்துக்கொண்டு மறுவாழ்வு இல்லத்தில் ஆறு மாதம் இருந்தால் மறுபடி பார்ப்பார்கள். ஆறு மாதம் அவருடைய நுரையீரல் தாங்குமா என்று கேட்டதற்கு டாக்டர் ரெஹானா, ஆக்சிஜன் அளவை இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொடுத்தார். 

அதற்கு மறுநாள்தான் குணசீலன் ஒத்துக்கொண்டார். வீட்டில், சுகந்தியின் எதிரே, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஆமா. குடிச்சேன். அரிசி ட்ரம்முல பாட்டில ஒளிச்சு வெச்சிருந்தேன். ஒரு நாள் செருப்ப மாத்திப் போட்டுக்கினு வந்து தெருவெல்லாம் சிரிச்சுது. உன் கம்மலக் கூட ஒரு தபா அடகு வெச்சேன், உனக்குத் தெரியாம திருப்பிட்டேன்." பேசி முடிப்பதற்குள் நான்கு முறை நின்று மூச்சு வாங்கினார். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து அவரை மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தார்கள்.

சேர்த்துவிட்டு மெட்ரோவில் திரும்பும்போது, எதிரில் இருந்த பெண் ஒருத்தி தன் குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள் சுகந்தி. சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது அவளுடைய அப்பா. அரிசி ட்ரம்மில் பாட்டிலை வைத்தது அப்பா. அடகுக்குப் போனது அம்மாவின் கம்மல். எல்லாம் அவளே எப்போதோ குணசீலனிடம் சொல்லி அழுத கதைகள். அவர் அவற்றை அப்படியே தன் பேருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். அவள் சொன்ன ஒன்றைக்கூட இத்தனை வருஷத்தில் அவர் மறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. 

ஆக, பொய் சொல்கிறார். எதை மறைக்கச் சொல்கிறார் என்பதுதான் தெரியவில்லை. இதைவிட மோசமாக ஏதாவது இருக்குமோ? வீடு வரை போகாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர் வண்டியைப் பிடித்து ஆராய்ச்சி மையத்துக்கே திரும்பினாள்.

"எனக்கு அந்த நிழல்கிட்டப் பேசணும் டாக்டரம்மா" என்றாள்.

டாக்டர் ரெஹானா தயங்கினார். "பேசலாம். குடும்பத்துக்கு அந்த உரிமை உண்டு. ஆனா ஒண்ணு, அதுக்கு மறைக்கத் தெரியாது. அவர் எங்ககிட்டச் சொன்னது எல்லாம் அதுக்குள்ள இருக்கு. கேட்டதுக்கு அப்புறம் ஏன் கேட்டோம்னு ஆகக் கூடாது."

"மறைக்கத் தெரியாத ஆள்கிட்டதான் பேசணும். மறைக்கத் தெரிஞ்சவர்கிட்டப் பேசி அலுத்துட்டேன்."

சின்ன அறை. ஒரு நாற்காலி, ஒரு ஒலிபெருக்கி. உருவம் எதுவும் இல்லை. டாக்டர் சுவரோரமாக நின்றுகொண்டார்.

"சுகந்தியா? வா, உக்காரு. சாப்ட்டியா?"

 குரல் அவர் குரல்தான், ஆனால் மூச்சு வாங்காத குரல். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் அவர் பேசிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது! கேள்வியை மறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருக்கலாம் போலிருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன். உள்ளது உள்ளபடி சொல்லுங்க. நீங்க குடிப்பீங்களா?"

"ஆமா. தினமும். மிக அதிகம்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே. மீசை முளைச்ச வயசுல ஆரம்பிச்சது."

சுகந்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஓரடி முன்னால் வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள் சுகந்தி.

"எந்த நேரத்துல குடிப்பீங்க? வீட்டுக்கு வரும்போது ஒரு நாள்கூட எனக்கு வாசனை வந்ததில்லையே?"

"விடியறதுக்கு முன்னாடியே தண்ணி அடிக்கப் போயிடுவேன், சுகந்தி. முதல் லோடு அடிச்சிட்டுத்தான் டீயே குடிப்பேன்."

"காலங்கார்த்தாலயேவா?" அவள் அழத் தொடங்கினாள். "யாரோட?"

"தனியாதான். சில நாள் கூட்டமா இருக்கும், வரிசையில நிக்கணும். கோடைக்காலம் வந்துட்டா சொல்லவே வேணாம், அடிதடியே நடக்கும்."

"வெக்கமா இல்ல உங்களுக்கு? அங்கயே அடிச்சிட்டு வந்துடுவீங்களா?"

"அங்க எப்படி அடிக்கறது? அங்க ரொப்பிக்குவேன். அப்புறம் அபார்ட்மென்ட்டுக்குப் போய்த்தான் அடிப்பேன். மேடவாக்கத்துல ஒரு அபார்ட்மென்ட் செகரட்டரி, நான் முழுசா அடிச்சேனான்னு கீழே வந்து நின்னு பார்ப்பாரு. பாதியில நிறுத்தினா சண்டைக்கு வருவாரு."

சுகந்தியின் அழுகை நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சினாள். டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரும் அவளைப் பார்த்தார்.

"எதுல அடிப்பீங்க?" என்றாள் மெதுவாக.

"இதென்ன கேள்வி? ஹோஸ்லதான்."

"ஒரு லோடுன்னா எவ்வளவு?"

"பன்னண்டாயிரம் லிட்டர்" என்றது நிழல்.

 சுகந்தி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் டாக்டர் ரெஹானா பயந்துபோய்.

"டாக்டரம்மா, அந்த மனுஷன் தண்ணி லாரி ஓட்டறாரு! தண்ணி லாரி!"

டாக்டர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அவரும் வேளச்சேரியில் வளர்ந்தவர்தான். காலையில் ஹாரன் சத்தம் கேட்டதும் மாடியிலிருந்து, "இன்னைக்குத் தண்ணி அடிச்சாச்சா?" என்று கத்திக் கேட்ட அம்மாவுக்குப் பிறந்தவர்தான். செவ்வாய் கிரகத்துக்கு ஆள் போய்விட்டு வந்தாலும் சென்னைக்குத் தண்ணீர் லாரியில்தான் வருகிறது.

"எங்க தப்புதாம்மா" என்றார் டாக்டர். "முன்னெல்லாம் நோயாளிகிட்ட விவரம் கேக்கற மிஷின், 'மது அருந்துவீர்களா'ன்னு கேக்கும். பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேருக்குக் கோபம் வரும். மக்கள் பேச்சுலயே கேளுன்னு நாங்கதான் கத்துக்கொடுத்தோம். 'தண்ணி அடிப்பீங்களா'ன்னு கேட்டிருக்கும். உங்க வீட்டுக்காரர் என்ன சொல்லியிருப்பாரு?"

"முப்பது வருஷமா அதாங்க நம்ம பொழப்புன்னு சொல்லியிருப்பாரு. பெருமையா வேற சொல்லியிருப்பாரு."

"லாரி ஓட்டறவர்னு ஒரு பக்கம் இருக்கு, குடிகாரர்னு ஒரு பக்கம் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க அதுக்குத் தோணல." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்களுக்கும் தோணல."

ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது. "அப்ப நான் குடிக்கறதில்லையா, சுகந்தி?"

"இல்லீங்க. நீங்க குடிக்கறதே இல்ல."

"நல்லவேளை. எனக்கே ஒரு சந்தேகம். குடிச்சேன் குடிச்சேன்னு இருக்கு, ருசி என்னன்னு யோசிச்சா ஒண்ணும் ஞாபகம் வர மாட்டேங்குது."

அந்த வரியை டாக்டர் அப்போதே நீக்கினார். குடிக்காத குணசீலனுக்கு உள்ளே ஊசி போட்டார்கள். சுகந்தி நகத்தைக் கடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வாரங்கள் ஓடின, மாதங்கள் ஓடின. வழக்கமாகக் கல்லீரல் வீங்கும் இடத்தில் வீங்கவில்லை. வருஷங்கள் ஓடின. நுரையீரல் இருந்தபடி இருந்தது. பத்தாம் வருஷமும் முடிந்தது, குணசீலன் சாகவில்லை. டாக்டர் ரெஹானா நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார். சுகந்திக்கு அப்போதுதான் பசித்தது. காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அத்தனை ஆறுதலாக இருந்தது அவளுக்கு. கேன்டீனுக்குப் போய் ஒரு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, அதன் பிறகுதான் மறுவாழ்வு இல்லத்துக்குக் கிளம்பினாள்.

அங்கே குணசீலன் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சேர்ந்த அன்றே மதியக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். "நான் சொன்னதக் கேட்டு மூணு பேரு அழுதாங்க, சுகந்தி" என்றார் பாதிப் பெருமையும் பாதி வெட்கமுமாக. "கம்மல் கதை வந்ததும் வார்டனே கண்ணத் தொடச்சிக்கினாரு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். லோடு, ஹோஸ், பன்னிரண்டாயிரம் லிட்டர் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கப் பார்த்து இருமலில் மாட்டிக்கொண்டார். இருமி முடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. ஆமான்னீங்களே."

"ஒத்துக்கினாத்தான் ஊசின்னாங்க, அதான் ஆமான்னேன். அதுக்கு முன்னாடி இல்லன்னேனே. அத ஏன் நம்பல?"

  சுகந்தி குனிந்து அவருடைய ஆக்சிஜன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு கையால் அவர் கையைப் பிடித்தாள்.

"சரி வுடு" என்றார் குணசீலன். "வூட்டுக்குப் போலாம். இவங்க சாம்பார்ல உப்பே இல்ல."

அடுத்த வாரம் ஊசி போட்டார்கள். வெளியே இருக்கிற குணசீலனும் உள்ளே இருக்கிறவரைப் போலவே சமர்த்தாக நடந்துகொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் அவருடைய ரத்தத்தில் அந்தக் காவல் புரதம் தென்பட்டது. மூச்சு பழையபடி ஆகவில்லை, ஆகவும் ஆகாது. மேற்கொண்டு மோசமாகவும் இல்லை. பரிசோதனைக்கு வரும்போது முதல் மாடி வரை படியேறி, நடுவில் ஒரு முறைதான் நின்றார்.

அப்படி வந்திருந்த ஒரு நாள், டாக்டர் ரெஹானாவின் முகம் வாடியிருந்தது. மையத்தில் இருக்கும் எல்லா நிழல்களையும் அவர் ஆட்களை வைத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார். இதே 'தண்ணி'யால் குடிகாரரானவர்கள் இன்னும் இருந்தார்கள்: போர்வெல் மோட்டார் போடுகிறவர் ஒருவர், தொட்டி நிரப்புகிற வாட்ச்மேன் ஒருவர். அவர்களை அழைத்தாகிவிட்டது. கடைசியாக மீஞ்சூர் பக்கத்திலிருந்து அஞ்சலை என்று ஒரு பெண். இதே நோய். குடிகாரி என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். குடிக்கவே இல்லை என்று கடைசி வரை சாதித்த பெண்.

"மூணு தடவை கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி பேரைச் சொன்னதும் வெச்சிடறாங்க" என்றார் டாக்டர். "அக்கம்பக்கத்துல விசாரிச்சேன், அவங்க வீட்டுக்காரர் அன்னையிலேர்ந்து அவங்க கையால சாப்பிடறதில்லையாம்."

சுகந்தி கையை நீட்டினாள். "அவங்க நம்பரப் போட்டுக் குடுங்க டாக்டரம்மா."

மணி வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார்கள். இழுத்து இழுத்து விடும் மூச்சு முதலில் கேட்டது. சுகந்திக்கு நன்றாகப் பழக்கமான மூச்சு.

"அஞ்சலக்கா, நான் டாக்டர் இல்ல. வெச்சிடாதீங்க. உங்க தெருவுல பைப்புத் தண்ணியா, கைப்பம்பா?"

"கைப்பம்புதான். இன்னாத்துக்குக் கேக்கற?"

"காலைல யாரு தண்ணி அடிப்பா?"

"நாந்தான் அடிக்கணும். வேற யாரு அடிப்பா, அந்த மனுசனா?"

"மிஷின் கேட்டப்பவும் இதையேதான் சொன்னீங்களா?"

 அந்தப் பக்கம் மூச்சு வேகமாக ஏறி இறங்கியது. "ஐயோ, என் தெய்வமே" என்று ஒரு குரல், அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல்.

"உங்க வூட்டுக்காரரு இருக்காராக்கா?"

"உள்ளதான் கீறாரு."

"ஸ்பீக்கர்ல போட்டு அவரக் கூப்புடுங்க. நீங்க ஒண்ணும் பேச வேணாம், நான் பேசறேன்."

கதவு திறக்கும் சத்தம். காலடி. "யாரு?" என்றது ஓர் ஆண் குரல், விறைப்பாக.

சுகந்தி எதிரில் உட்கார்ந்திருந்த குணசீலனை ஒரு முறை பார்த்தாள். "அண்ணே, நானும் உங்கள மாதிரிதான், எங்க வூட்டுக்காரர நம்பாம இருந்தேன்" என்று ஆரம்பித்தாள்.